நன்கொடை கேட்பதில் சிறு அமைப்புகள் சறுக்கும் இடங்கள்

அன்னதானத்துக்கு ஐயாயிரம் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பவர், கொத்தடிமை மீட்புக்கு என்றால் "பார்க்கலாம்" என்பார். மனமில்லாமல் இல்லை. இலைக்கு எவ்வளவு ஆகும் என்பது அவருக்குத் தெரியும்; "விளிம்புநிலை மக்களின் உரிமைக்காக" என்றால் பணம் எங்கே போகும் என்பது தெரியாது. செங்கல் சூளையிலிருந்து வந்த குடும்பம் விடுவிப்புச் சான்றிதழுக்காக ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்கு அலையும் பஸ் கட்டணம், மனு நகல், மதியச் சாப்பாடு என்று பிரித்துச் சொன்னால்தான் அவருக்குக் கணக்கு பிடிபடும்.

இப்படிக் கேட்கக் களப்பணியாளர்களுக்குத் தரும் பயிற்சியின் முதல் வேலை பெயர்ப் பட்டியல். ஒவ்வொருவரும் தங்கள் செல்போனிலிருந்து 20 பெயர் எழுத வேண்டும். பெரும்பாலும் எம்எல்ஏவும் நகைக்கடை அதிபரும்தான் முதலில் வருவார்கள். அந்தப் பெயர்களை அடித்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், அமைப்பின் உதவியால் படித்து இன்று வேலையில் இருக்கும் பெண்: இவர்கள் தேறுவார்கள். மாதம் ₹200 தர 50 பேர் இருந்தால் ஆண்டுக்கு ₹1,20,000. ஒருவர் தருவதை நிறுத்தினாலும் அலுவலக வாடகை நிற்காது.

அடுத்தது கேட்டுப் பழகுவது. ஒருவர் கேட்க, ஒருவர் நன்கொடையாளராக உட்கார, மூன்றாமவர் கவனிக்க வேண்டும். பிசகுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்.

"சார், மாசம் இருநூறு ரூபா நீங்க தரணும்... முடிஞ்சா குடுங்க சார், இல்லேன்னாலும் பரவாயில்ல."

இரண்டாவது பாதி வேண்டாம். தொகையைச் சொன்னதும் வாயை மூட வேண்டும். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்தச் சில நொடிகளைத் தாங்க முடியாமல் நாமே அவருக்குத் தப்பிக்க வழி காட்டிவிடுகிறோம். பத்து முறை ஒத்திகை பார்த்தால்தான் இந்தப் பழக்கம் போகும்.

பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும்; செயலாளரின் ஜிபே எண்ணுக்கு வந்தால் நல்ல நோக்கமும் தணிக்கையில் சந்தேகமாகிவிடும். யுபிஐயில் பெயர் மட்டுமே தெரியும் என்பதால் முகவரியையும் பான் எண்ணையும் அன்றே வாங்கிவிடுங்கள். 80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும்) பதிவு உள்ள அமைப்புகள் நன்கொடையாளர் விவரத்தை மே 31-க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் நாளுக்கு ₹200 கட்டணம். ₹2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் 80ஜி சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை. மாதச் சம்பளக்காரரிடம் வரிச் சலுகையைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

அதிகம் தடுக்கி விழுவது வெளிநாட்டுப் பணத்தில். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. இதில் பார்க்க வேண்டியது குடியுரிமை. பணம் ரூபாயாக வந்ததா என்பது அல்ல. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை பெற்ற உங்கள் ஊர்க்காரர் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினாலும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் விலக்கு இல்லை. "பாஸ்போர்ட் எந்த நாடுங்கண்ணே?" என்று கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பணம் வருவதற்கு முன்பே கேட்டு, பாஸ்போர்ட் நகலை ரசீதுடன் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.