‘உம்’ கொட்டாத பிள்ளைகள்: யப்பானிய மொழிப் பேச்சு எங்கே தடக்குப்படுகிறது?

கிளிநொச்சியில் ஒரு கல்லூரியில் யப்பானிய மொழி படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு ஸூம் வழியாக நேர்முகம் நடந்தது. முதியோர் பராமரிப்பு வேலை. அந்தப் பக்கம் இருந்த அம்மா, இரவுக் கடமை எப்படி, லீவு எப்படி என்று ஆறுதலாக விளக்கிக்கொண்டு போனார். பிள்ளை நிமிர்ந்து இருந்து, கையை மடியில் வைத்து, ஒரு சத்தமில்லாமல் கேட்டாள். அவர் இடையில் நிறுத்தி, “தைஜோபு தெஸ் கா?” என்றார். பரவாயில்லையா, விளங்குகிறதா என்ற கேள்வி. இவள் தலையை ஆட்டினாள். கொஞ்சம் போய்த் திரும்பவும் அதே கேள்வி. மூன்றாம் தரம் கேட்டபோது பிள்ளையின் முகம் வாடிவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை.

பிறகு என்னிடம் வந்து, அவர் சொன்னது முழுவதையும் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள். அவ்வளவும் அவளுக்கு விளங்கியிருந்தது. ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்கால கதைக்கக் கூடாதெல்லோ மிஸ்.”

இதை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். எங்கள் பிள்ளைகளிடம் இலக்கணமும் சொல்லும் இருக்கின்றன. தடக்குப்படுவது வேறு இடத்தில்.

யப்பானியர் உரையாடலில், கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு. அதற்குப் பெயர் ‘ஐஸுச்சி’. இரண்டு கொல்லர் ஒரே இரும்பில் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல் அது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் “ஹை”, “எஎ”, “ஸோ தெஸ் நே” என்று இடையிடையே ஒலி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சொல்பவருக்கு யோசனை வந்துவிடும்: இவருக்கு விளங்கவில்லையோ, பிடிக்கவில்லையோ? நாங்கள் மரியாதை என்று காக்கிற மௌனம் அங்கே இப்படித்தான் போய்ச் சேருகிறது.

இது எங்களுக்குத் தெரியாத பழக்கமும் இல்லை. அம்மம்மா கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அதே ‘உம்’ தான். பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டோம். ஒன்று கவனம்: இப்படி இடையில் வருகிற “ஹை” சம்மதம் அல்ல, “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பது மட்டுமே. எல்லாவற்றுக்கும் “ஹை” போட்டுவிட்டு, உண்மையான கேள்வி வரும்போதும் “ஹை” என்று சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். இலங்கையும் யப்பானும் 2019 யூனில் உடன்படிக்கை செய்த பிறகு, யப்பானில் வேலை செய்யப் போவதற்கான ‘குறித்த திறனாளர்’ விசாவுக்காக வன்னியிலும் பிள்ளைகள் இந்த மொழியைப் படிக்கிறார்கள். அந்த விசாவுக்கு யப்பானிய மொழித்திறன் பரீட்சையில் என்4 நிலை, அல்லது 250 புள்ளிக்கு 200 எடுக்க வேண்டிய அடிப்படைப் பரீட்சை, பெரும்பாலான துறைகளில் மொழித் தகுதிக்கு இரண்டில் ஒன்று போதும். மொழித்திறன் பரீட்சையில் ஆகக் கீழான என்5 முதல் ஆக மேலான என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுப் பகுதி கிடையாது. அடிப்படைப் பரீட்சையில் ‘உரையாடல்’ என்று ஒரு பகுதி இருந்தாலும், கணினியில் சரியான விடையைத் தெரிவு செய்தால் சரி. வாய் திறக்கத் தேவையில்லை. ஆகவே சான்றிதழைப் பார்த்து “என்ர பிள்ளை யப்பான் கதைப்பான்” என்று நினைக்காதீர்கள். “எத்தனை புள்ளி?” என்பதோடு “வகுப்பில் எவ்வளவு நேரம் வாய் திறந்து கதைக்கிறாய்?” என்றும் கேளுங்கள்.

இடைநிலைக்கு, அதாவது என்3 பக்கம் வரும்போது, இன்னொரு சிக்கல் வெளியே தெரியும். யப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கிய பிள்ளைகள் இங்கேதான் அடிபடுவார்கள். ‘வந்து’ என்ற பொருளுள்ள சொல்லை ‘கிதே’ என்று எழுதினால், ‘விதை’யில் வருகிற மென்மையான த ஆகிவிடும். ‘கித்தே’ என்று அழுத்தினால் தபால் முத்திரை. உண்மையான ஒலி ஒற்றையான, ஆனால் வன்மையான த. தமிழில் உயிருக்கு நடுவே அப்படி ஒரு த வருவதில்லை. அதனால் அதை எழுதிக்காட்டவும் வழியில்லை. ‘தைகக்கு’ இன்னும் மோசம். ‘பந்து’வில் வரும் த போலத் தொடங்கினால் பல்கலைக்கழகம், ‘தம்பி’யில் வரும் த போலத் தொடங்கினால் படிப்பை இடையில் விடுதல். நேர்முகத்தில் எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாதத்திலேயே யப்பானியரின் ஹிரகனா எழுத்துக்கு மாறிவிடுங்கள். குறில் நெடிலையும் ஒற்று இரட்டிப்பதையும் பிரித்துக் கேட்கும் காது எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுத்தால் கெடுக்க வேண்டாம்.

வசனம் அமைப்பதில் தமிழ் பெரிய கைகொடுப்பு. எங்களுக்கு வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கின்றன. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து யப்பானியத்துக்குத் திரும்புகிறார்கள். ஏன் இந்தச் சுற்று? ‘யோந்தே மிரு’ என்றால் வாசித்துப் பார். ‘மிரு’ என்றாலே பார்தான். ‘யோந்தே இரு’ என்றால் வாசித்துக்கொண்டு இரு. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், எல்லாம் எங்கள் வரிசை. யப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவும் அவரோடு சேர்ந்து எங்கள் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் இந்த ஒற்றுமைகளை விரிவாக ஆராய்ந்தார்கள். இரண்டும் உறவு மொழிகள் என்ற முடிவை மொழியியலாளர் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும், வகுப்பில் இந்த ஒற்றுமை நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மரியாதைப் பேச்சில் மட்டும் தமிழை நம்பக் கூடாது. நாங்கள் எவரோடு கதைத்தாலும் எங்கள் மேலாளரை ‘அவர்’ என்றுதான் சொல்வோம். யப்பானில் வெளியாளோடு கதைக்கும்போது சொந்த மேலாளரின் பெயரோடு, மரியாதைக்குப் போடும் ‘சான்’ கூடச் சேர்க்க மாட்டார்கள்.

இப்போது வகுப்பில் இருவர் இருவராக விடுகிறேன். ஒருவர் தன் ஊரைப் பற்றி மூன்று நிமிடம் சொல்ல வேண்டும், மற்றவர் ஐஸுச்சி போட வேண்டும், போனில் பதிவு செய்ய வேண்டும். போன கிழமை ஒரு பெடியன் இரணைமடுக் குளத்தைப் பற்றிச் சொன்னான். வயலுக்கு நீர் தேக்கும் குளத்துக்கு யப்பானிலும் ஒரு சொல் இருக்கிறது, ‘தமேஇகே’. அந்தச் சொல் கிடைத்ததும் வான்கதவு, சிறுபோகம் என்று அவன் நிற்கவே இல்லை. எதிரில் இருந்து “ஹே…” போட்டவள் அந்த நேர்முகத்துப் பிள்ளை.

வீட்டில் பிள்ளை தனியே இருந்து போனோடு கதைத்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போ என்று உடனே கூப்பிடாதீர்கள். பத்து நிமிடம் விடுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருந்து, விளங்காவிட்டாலும், ‘உம்’ கொட்டுங்கள்.