தயவுசெய்து மைனாக் குஞ்சுக்குப் பால் ஊற்றாதீர்கள்

இந்த மே மாதத்தில் மட்டும் இது ஏழாவது ஷூ டப்பா. திறக்காமலே தெரியும், உள்ளே ஒரு பழைய துண்டு, அதன்மேல் ஒரு குஞ்சு, ஓரத்தில் பாலில் ஊறிய பிரெட் துணுக்கு. நேற்று வந்தது மைனா. கொண்டுவந்தவன் மூன்றாம் வகுப்பு படிக்கிறவன், கூட அவன் ஆச்சி. "ரெண்டு நாளா பாலாடையில பால் குடுத்தோம் டாக்டர், ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஆச்சி. நான் பார்க்கும்போது அது செத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். பையன் குஞ்சைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தூங்குதா மாமா?" என்று கேட்டான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுப் பிழைக்கிற கால்நடை மருத்துவன், பறவை நிபுணன் கிடையாது. ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் ஜூன் வரைக்கும் இந்த டப்பாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கொண்டுவருகிற பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. கீழே கிடக்கிற ஒன்றைக் குனிந்து பார்க்கிற பிள்ளை நல்ல பிள்ளை. பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் சொல்லித் தருவதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பறவை பாலூட்டி இல்லை, அவ்வளவுதான். புறா தன் தொண்டைப் பையில் பால் மாதிரி ஒன்றைச் சுரந்து குஞ்சுக்குக் கொடுக்கும்தான், ஆனால் அதற்கும் ஆவின் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் தேடிக் கொண்டுவரும். வளர்கிற உடம்புக்கு அதுதான் வேண்டும். பிரெட்டும் சோறும் கொடுத்து வளர்த்த கிளிக் குஞ்சுகள் எலும்பு வளைந்து, நிற்க முடியாமல் என் மேசைக்கு வந்திருக்கின்றன. (கிளி என்றதும் ஞாபகம் வருகிறது: பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். "பாசமா வளர்க்கிறோம் சார்" என்று என்னிடம் சொல்லிப் பயனில்லை, வனத்துறையிடம் சொல்லுங்கள்.)

பாலைவிட மோசம், அதை ஊற்றுகிற முறை. குஞ்சு வாயைப் பிளந்தால் நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை தெரியும். அது மூச்சுக்குழல். இங்க் ஃபில்லரோ பாலாடையோ வைத்து ஊற்றினால் தண்ணீராக இருந்தாலும் நேரே நுரையீரலுக்குப் போகும். நேற்றைய மைனா செத்தது அநேகமாக அப்படித்தான். ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, இப்போது என் நிஜமான எரிச்சலுக்கு வருகிறேன். "திரும்பக் கூட்டில் வைத்திருக்கலாமே" என்று நான் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "மனுஷன் கை பட்டா தாய் சேக்காது டாக்டர்." படித்தவர்கள் சொல்கிறார்கள், பள்ளி ஆசிரியர் ஒருவரே சொன்னார். இது சுத்தப் பொய். நம் வேப்பமரத்து, மாமரத்துப் பறவைகள் குஞ்சை மோந்து பார்த்து அடையாளம் காண்பதில்லை. கூடு இருக்கிற இடம், குஞ்சின் குரல், பிளந்த வாய், இவ்வளவு போதும் அதற்கு. சந்தேகமிருந்தால் காக்கையைப் பாருங்கள். குயில் அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது, குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்னாலேயே பொரிந்து வெளியே வருகிறது, காக்கை அதற்கும் வாய் நிறைய ஊட்டுகிறது. கூட்டை விட்டு இறங்கி வேறு குரலில் கத்திக்கொண்டு கிளை கிளையாகப் பின்னால் வந்தாலும் ஊட்டுகிறது. ஊரான் பிள்ளையையே வளர்க்கிற ஒன்று, உங்கள் மகன் கையில் இருந்த சோப்பு வாசனைக்காகச் சொந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுமா? அணிலும் அப்படித்தான். கீழே விழுந்த குட்டியைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு மேலே போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. கூடு கட்டும்போதோ அடைகாக்கும்போதோ சும்மா சும்மா போய் எட்டிப் பார்த்தால் சில பறவைகள் விட்டுவிட்டுப் போய்விடும். அது நாம் கொடுக்கிற தொந்தரவால். வாசனைக்கு அதில் வேலையே இல்லை.

அப்புறம், கீழே இருப்பதெல்லாம் விழுந்தது என்று யார் சொன்னது? இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது. சில நாள் அது தரையில்தான் திரியும். தாய் பக்கத்து மதிலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். நாம் போய்த் தூக்கினால் அதற்குப் பெயர் பிள்ளை பிடிப்பது. பூனை வரும் என்று பயமாக இருந்தால் குஞ்சைப் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டுப் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள்.

கண் திறக்காமல், இறகில்லாமல் கிடந்தால் அது விழுந்ததுதான். கூடு எட்டினால் உள்ளே வையுங்கள். எட்டாவிட்டால் ஒரு சின்ன ஓலைக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, கூட்டுக்கு முடிந்தவரை பக்கத்தில் கட்டிவிட்டு எல்லோரும் தள்ளிப் போங்கள். அடியில் நின்றுகொண்டு செல்போனில் வீடியோ எடுத்தால் தாய் எப்படி வரும்? இரண்டு மூன்று மணி நேரம் பார்த்தும் வரவில்லை, அல்லது ரத்தம் இருக்கிறது, பூனை கவ்விவிட்டது என்றால் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து, இருட்டாக, வெதுவெதுப்பாக, ஒன்றும் ஊட்டாமல், வனத்துறைக்கோ மருத்துவரிடமோ அன்றைக்கே கொண்டுபோங்கள். பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வௌவால் என்றால் மட்டும் கையே வைக்க வேண்டாம், அது என்ன நிலையில் இருந்தாலும் சரி.

இன்னொன்று, வெள்ளையாக இதய வடிவ முகத்தோடு பழைய கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது "அமெரிக்க ஆந்தை" இல்லை. அது நம்மூர்க் கூகை. விளக்குப் போட்டு ஊரைக் கூட்டாதீர்கள், பாவம், எலி பிடித்துவிட்டுத் தூங்க வந்திருக்கும்.

போன வருஷம் ஒரு பெண் குழந்தை, ஆறாம் வகுப்பு, இதே மாதிரி ஒரு மைனாக் குஞ்சோடு வந்தாள். குஞ்சு நன்றாகவே இருந்தது. அவள் அப்பாவை ஏணி எடுக்கச் சொல்லி, சன்ஷேடுக்கு மேலே சுவர்ப் பொந்தில் இருந்த கூட்டிலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "ஜன்னல் உள்ளே இருந்து பாரு, ஒரு மணி நேரத்துல தாய் எத்தனை தடவை வருது, வாயில என்ன கொண்டாருதுன்னு எழுது" என்றேன். ஒரு வாரம் கழித்து நோட்டு வந்தது. காலை 7 முதல் 8 வரை 13 தடவை. வெட்டுக்கிளி 4, பச்சைப் புழு 3, மண்புழு 1, ஏதோ பழம் 1, தெரியல 4. கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: ரெண்டு மைனா மாறி மாறி வருது, இதுல யாரு அம்மான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது மாமா?

எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.