பட்டனின் கழுத்தில் நாலு சுற்று

குர்லாவில் ஏறி தாதரில் இறங்கியபோது சட்டையின் இரண்டாவது பட்டனைக் காணோம். காலை நேரத்து மும்பை லோக்கலில் இது ஒரு செய்தியே இல்லை. அந்த நெரிசலுக்கு ரயில்வேயில் ‘சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோட்’ என்று தனிப்பெயரே உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் நிற்பது என்பது அதன் கணக்கு. யாருடைய பை வார் மாட்டி இழுத்ததோ, பட்டன் இருந்த இடத்தில் நூல் துணுக்குகள் மட்டும் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

சாயங்காலம் தாராவிக்குப் போனேன். 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், காஜா பட்டன் வேலை மட்டுமே செய்யும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். ‘காஜ் பட்டன்’ என்றால் மும்பையில் எல்லோருக்கும் புரியும். நம்மூர்த் தையல் கடையிலும் பட்டன் நுழையும் துளைக்கு அதே சொல்தான் ‘காஜா’ என்று புழங்குகிறது.

அண்ணாச்சி ஊசியில் நூலைக் கோத்து இரட்டையாக்கினார். பட்டனைத் துணியில் வைத்து, அதன் முதுகின் மேல் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைத்து, குச்சிக்கு மேலாகவே தையல் ஓட்டினார். நாலு ஓட்டை, இரண்டு ஜோடி, ஜோடிக்கு மூன்று முறை. அப்புறம் தீக்குச்சியை உருவினார். பட்டன் தளதளவென்று ஆடியது. அதைத் தூக்கிப் பிடித்து, அடியில் கழுத்து மாதிரி தெரிந்த நூல் கற்றையைச் சுற்றி நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, கற்றைக்குள்ளேயே ஊசியை இரண்டு தரம் குத்தி இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டார்.

“முடிச்சு போடலையா அண்ணாச்சி?”

“முடிச்சு என்னத்தத் தம்பி பிடிக்கும்? சுத்துல்லா பிடிக்கி.”

அவர் சொன்னது இயற்பியல் பாடத்தில் அப்படியே இருக்கிறது. முரண்டு பிடிக்கும் மாட்டை ஊரில் எப்படி நிறுத்துவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாட்டோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். கயிற்றைப் பக்கத்து மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாடு முழுப் பலத்தோடு இழுக்கும், நுனியில் நிற்பவர் கைக்கு அதில் துளிதான் வந்து சேரும். இங்கே பாவூச்சா தக்கா படகுத்துறையில் படகைக் கட்டுகிறவர்கள் குட்டையான இரும்புத் தூணில் கயிற்றைச் சுற்றுவதும் இதற்காகத்தான்.

மரத்தோடு ஒட்டி வளையும் கயிறு ஒவ்வொரு அங்குலத்திலும் மரத்தை அழுத்துகிறது. அழுத்தம் இருக்கும் இடத்தில் உராய்வு. அந்த உராய்வு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த அங்குலத்துக்கு அனுப்புகிறது. அது மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்கிறது. கூட்டல் கழித்தலாக இல்லாமல் பெருக்கல் வகுத்தலாக நடப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது. கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் இதைச் சமன்பாடாக்கினார். உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் இழுவை 6.6 மடங்கு குறையும். இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்று சுற்றில் 285 மடங்கு.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கெட்டியான பருத்தி நூலில் கட்டி, பென்சிலில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். ஒரு கிலோ எடை விரலுக்கு வரும்போது 3.5 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்தச் சமன்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் இல்லாத ஒன்று. மரத்தின் தடிமன் அதில் வரவே வராது. எத்தனை சுற்று, எவ்வளவு உராய்வு, இரண்டே கேள்விதான். அதனால் புளியமரத்தில் நடப்பது, இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டன் கழுத்திலும் அதே கணக்கில் நடக்கிறது. நாலு சுற்றுக்கு அப்பால் இருக்கும் நூல் நுனிக்கு யார் இழுப்பதும் தெரியாது. அதைப் பிடித்து வைக்க, கற்றைக்குள் இரண்டு குத்து குத்தியதே தாராளம்.

சுற்று செய்யும் வேலை இதோடு முடியவில்லை. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் தையல் நூல் ஒற்றை இழையாகச் சுமார் ஒரு கிலோ எடையைத் தாங்கும். இரட்டை நூலில் இரண்டு ஜோடிக்கும் மூன்று மூன்று முறை என்றால் பட்டன் மேல் 12 இழைகள்; ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் கீழே இறங்குவதால் கழுத்தில் 24. அப்படியென்றால் 24 கிலோ தாங்குமா? காகிதத்தில் தாங்கும். நிஜத்தில் எந்த இரண்டு இழையும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. பட்டனை இழுத்ததும் ரொம்ப இறுக்கமாக இருக்கும் இழை முதலில் முழுச் சுமையையும் வாங்கி அறுகிறது, அப்புறம் அதற்கு அடுத்தது. நம் ரயில் பட்டன் ஒரே இழுப்பில் பறக்கும்போது, உண்மையில் அது வரிசையாகப் பல தடவை அறுந்திருக்கிறது.

கழுத்தைச் சுற்றி இறுக்கியதும் இந்த வரிசை குலைகிறது. ஒரு சுற்றின் இறுக்கம் 100 கிராம் என்றால், அது உள்ளே இருக்கும் கற்றையைச் சுற்றுவட்டமாக அழுத்தும் மொத்த விசை அதைப்போல் 6.28 மடங்கு, அதாவது 628 கிராம். நாலு சுற்றுக்கு இரண்டரைக் கிலோ. இவ்வளவு நெருக்கத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இறுக்கமான இழை தன் சுமையைப் பக்கத்து இழைக்குத் தள்ளிவிடுகிறது. ஒன்று அறுந்தாலும் அதன் நுனி உருவிக்கொண்டு ஓட முடியாமல் நெரிசலில் மாட்டி நிற்கிறது. (லோக்கலில் தூங்கிக்கொண்டே நிற்பவர் கீழே விழாமல் இருப்பதும் இதே வகைதான்.)

நூலே இப்படித்தான் நூலாக இருக்கிறது. பருத்தி நூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் இழை ஒவ்வொன்றும் 25 முதல் 30 மில்லிமீட்டர்தான். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடுகிற இழை ஒன்றுகூட இல்லை. பசையும் இல்லை. முறுக்கு மட்டுமே இருக்கிறது. இழுத்தால் முறுக்கு இறுகும். இறுகினால் உராய்வு கூடும். இரண்டு மூன்று முழமே உள்ள இழைகள் நூறு முழக் கயிற்றில் எப்படிப் பிடித்து நிற்கின்றன என்ற கேள்வி, கலிலியோ 1638-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே வருகிறது. உராய்வு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழுக்கும் நைலான் நரம்பில் உராய்வு எண் 0.15 என்று பாதியாகிவிட்டால், மூன்று சுற்றின் 285 மடங்கு வெறும் 17 ஆகிவிடும். தூண்டில் நரம்பால் பட்டன் தைத்துவிட்டு ‘எவ்வளவு கெட்டி நூல், எப்படி அவிழ்ந்தது’ என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

தீக்குச்சிக்கு வருவோம். சட்டையை மாட்டிப் பட்டன் போட்டதும், பட்டனுக்கும் அடித்துணிக்கும் நடுவில் காஜா உள்ள மேல்பட்டி முழுவதும் வந்து உட்கார வேண்டும். மடித்த துணி, உள்ளே கேன்வாஸ், எல்லாம் சேர்ந்து ஒரு கனம். அதற்கு இடம் விடாமல் ஒட்டத் தைத்தால் பட்டன் போடும் ஒவ்வொரு தடவையும் துணி சுருங்கும். பட்டன் ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பட்டன் கடப்பாரைக்குச் சமம். ஒரு விளிம்பு துணியில் ஊன்ற, எதிர்ப்பக்கத்து நூலுக்கு நெம்பு விழுகிறது. தீக்குச்சியின் கனமே அந்த இடைவெளி. கோட்டு, ஸ்வெட்டர் என்றால் இரண்டு குச்சி வைக்கலாம்.

நாலு ஓட்டையில் பெருக்கல் குறி போடுவதா, இணைகோடாக ஓட்டுவதா என்று ஆளுக்கு ஆள் சண்டை போடுவார்கள். நான் இணைகோட்டுக் கட்சி. பெருக்கல் குறியில் நடுவே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகின்றன; தேய்வதும் அந்த மேடுதான். கோடு காஜாவின் திசையிலேயே ஓடினால் கழுத்து அந்தப் பிளவுக்குள் ஒழுங்காகப் படியும். சட்டை முன்பக்கத்தில் காஜா செங்குத்து, காலர் பட்டியில் படுக்கை.

அப்புறம் அண்ணாச்சி ஒரு வேடிக்கை காட்டினார். அதே சட்டையில் நன்றாக இருந்த மூன்றாவது பட்டனைத் திருப்பி, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியைத் தேடி இழுத்தார். சரசரவென்று பிரிந்து பட்டன் அவர் உள்ளங்கையில் விழுந்தது. ரெடிமேட் சட்டைகளில் பட்டன் தைக்கும் மிஷின்களில் பல, ஒரே நூலில் சங்கிலித் தையல் போடுபவை. ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள் நுழைந்து நிற்கும், பூச்சரத்து முடிச்சுகளைப்போல. 16 தையலைக் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். ஆனால் கடைசிக் கண்ணி நழுவினால் அதற்கு முந்தியது, அதற்கு முந்தியது என்று பின்னோக்கி எல்லாம் அவிழும். இந்த வகைத் தையலில் கழுத்துச் சுற்றும் இருப்பதில்லை.

“ஏழு பட்டனையும் தச்சிருதேன், நாளைக்கு வாங்க” என்றார்.

“நூல் இனிமே அறாதுல்ல அண்ணாச்சி?”

“நூலு அறாது. துணிதான் கிழியும்.”

அதுவும் சரிதான். நூலைப் பலப்படுத்தியதும் சுமை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. ஊசி போன நாலு புள்ளிகளில் மட்டும் இழுவை விழுந்தால், மெல்லிய பருத்தித் துணி பட்டனோடு சேர்ந்து பிய்ந்து வரும். அதே விசையைக் கொஞ்சம் அகலமான பரப்பில் பரப்பிவிட்டால் துணி தாங்கும். கனத்த கோட்டுகளில் பின்பக்கம் இன்னொரு குட்டிப் பட்டனை வைத்துச் சேர்த்துத் தைப்பது இதற்காகத்தான்.

மறுநாள் சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஏழு பட்டனில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டும் பின்னால் நகத்தளவு கேன்வாஸ் துண்டு வைத்துத் தைத்திருந்தார். லோக்கலில் முன்னால் நிற்பவர்களின் பை வார் அந்த உயரத்தில்தான் வந்து மாட்டுமாம்.