மல்லி மொக்கு ஊதாவானால் கொசு மருந்தைத் தொடாதீர்கள்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்து மல்லிச் செடிகளின் படங்கள் எனக்கு வந்தபடியே இருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி: மொக்குகள் ஊதா நிறமாகி உதிர்ந்து கிடக்கும், இலை ஓரங்கள் கருகியிருக்கும். என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் பதிலும் ஒன்றுதான், வீட்டில் கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரே. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அந்தப் பூவைத்தான் சாமிக்குச் சாத்துகிறீர்கள், பிள்ளையின் தலையில் வைக்கிறீர்கள்.

"பூச்சியைக் கொன்றால் செடி பிழைக்கும்" என்ற நம்பிக்கைதான் செடியைக் கெடுக்கிறது. மொக்கு ஊதாவாவதற்குப் பெரும்பாலும் காரணம் மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறியது. மொக்கின் நுனியில் முட்டையிடும். புழு மொக்குக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். முட்டை ஈயாக மாற 3 முதல் 4 வாரம் பிடிக்கும். புழு இருப்பது மொக்குக்குள், கூட்டுப்புழு இருப்பது மண்ணுக்குள். நீங்கள் வெளியே அடிக்கும் மருந்து இரண்டையும் தொடுவதே இல்லை. அது படுவது சிலந்தி, பொறிவண்டு, தேனீ மேல்.

அதோடு போவதில்லை. இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல. கொசு மருந்து அதை அவ்வளவாகக் கொல்லாது, அதைத் தின்னும் உயிர்களைத்தான் கொல்லும். இரண்டு வாரம் கழித்து இலை வெளிறி, அடிப்புறம் மெல்லிய வலை பின்னியிருக்கும். உடனே இன்னொரு டப்பா வாங்குகிறார்கள். மாவுப்பூச்சி விஷயத்திலும் இதே அவசரம். சிலவகைப் பொறிவண்டுகளின் இளம்புழுவும் வெள்ளைப் பஞ்சு போலத்தான் இருக்கும். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடினால் விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது அதுதான்.

மொட்டு ஈக்கு மருந்து உங்கள் விரல்தான். நிறம் மாறிய மொக்கு, வீங்கிய மொக்கு, உதிர்ந்த மொக்கு எல்லாவற்றையும் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடவே கூடாது, அங்கேயும் கூட்டுப்புழுவாகிவிடும். 4 வாரம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் சலித்து விட்டவர்களின் செடிப் படம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் ஆர்கிட், செம்பருத்தி, கத்தரி, பாகல் இருந்தால் அவற்றின் மொக்கையும் பாருங்கள். இதே ஈ அவற்றிலும் வளரும்.

வேப்பெண்ணெய் சிலந்திப்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் உதவும், மொக்குக்குள் இருக்கும் புழுவுக்கு உதவாது. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. எண்ணெய், அது கலக்க 1 மி.லி. மென்மையான திரவ சோப்பு. அதற்கு மேல் வேண்டாம், இலை கருகும். முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். இலையின் அடிப்புறம் நனையட்டும். இயற்கையானது என்பதற்காக விரிந்த பூ மேல் அடிக்காதீர்கள்.

அடிப்படைக்கு வருவோம். குண்டுமல்லிக்கு நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். அது கிடைக்காத தாழ்வாரத்தில் எந்த உரம் போட்டும் பயனில்லை. பூ புதுத் துளிரில்தான் வரும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தை அள்ளிப் போட்டால் இலை கொழிக்கும், அந்த இளந்துளிருக்கே அசுவினிப் பூச்சி வரும். பழைய மண்ணைத் தூக்கி எறியாதீர்கள். கட்டி உடைத்து, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, மேலே 3 செ.மீ. காய்ந்த இலை பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் விரலளவு இடைவெளி இருக்கட்டும். புளித்த மாவு, பால், சர்க்கரை போட்ட தேயிலைச் சக்கை வேண்டவே வேண்டாம். எறும்பு வரும், அதன் பின்னால் மாவுப்பூச்சி வரும்.

இறுகிய மண்ணின் மேல் தேங்கும் நீரிலும் தொட்டித் தட்டிலும் ஏடிஸ் கொசு வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும். தட்டை எடுத்துவிட்டு மண்ணைக் கிளறி விட்டாலே கொசு ஸ்பிரேயை எடுக்கும் தேவை பாதி குறையும்.

தேசியப் பூங்காக் கழகம் செடி வளர்க்க வாடகைக்குத் தரும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் படுகை எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துப் படுகையில் ஒருவர் கத்தரி போட்டிருப்பார். நீலப்பட்டைத் தேனீ அந்தப் பூவைப் பிடித்து அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். உங்கள் ஸ்பிரேயால் அவர் காய்தான் குறையும். வேப்பெண்ணெய்கூட மாலை 7 மணிக்குப் பிறகு, அன்றைய மொக்கைப் பறித்த பின் அடியுங்கள். அடிக்கும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.