நெஸ் ஏரிக்குள் ஊசலாடும் அலை

காற்றுக்கு எதிராக நகரும் கறுத்த முதுகு, படகே இல்லாத இடத்தில் எழும் அலை. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் 'நெஸ்ஸி' என்ற மர்ம விலங்கைக் கண்டதாகச் சொல்லும் கதைகளில் இவை திரும்பத் திரும்ப வரும். சொன்னவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று தள்ள வேண்டாம். இரண்டுமே அங்கே நிஜமாக நடப்பவைதான். (1934-இல் நெஸ்ஸி என்று வெளியான நீள்கழுத்துப் புகைப்படம் வேறு கணக்கு: பொம்மை நீர்மூழ்கியில் பொருத்திய தலை அது.)

கிரேட் கிளென் நிலப்பிளவைப் பனியாறு குடைந்து உண்டாக்கிய பள்ளம் இந்த ஏரி. நீளம் 37 கி.மீ., அகலம் பெரும்பாலும் 1.5 கி.மீ. அளவு, ஆழம் 230 மீ. வரை. கோடை முடிவில் மேலே 30–40 மீ. வரை உள்ள நீர் 12 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கும். அடிநீர் ஆண்டு முழுதும் 5–6 டிகிரிதான். இந்த இரண்டு அடுக்குகளும் எளிதில் கலப்பதில்லை.

தென்மேற்குக் காற்று விடாமல் அடித்தால் மேலடுக்கு வடகிழக்கே இன்வர்னெஸ் பக்கம் குவியும். அங்கே அடுக்குகளின் எல்லை கீழே அமுங்க, மறுமுனையான ஃபோர்ட் அகஸ்டஸில் குளிர்நீர் மேலேறும். இரு நீருக்கும் உள்ள எடை வேறுபாடு 1,000 லிட்டருக்கு அரைக் கிலோகூட இல்லை. அதனால் நீர்ப்பரப்பு 1 செ.மீ. சாய்ந்தாலே உள்ளே எல்லை 20 மீ. அளவுக்குச் சாய்ந்துவிடும். கரையில் நிற்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

காற்று நின்றதும் குவிந்த நீர் திரும்பி ஓடும், எதிர்க்கரையில் ஏறும், மீண்டும் திரும்பும். ஒரு முழு ஊசலுக்கு ஏறத்தாழ இரண்டரை நாள். 1904-இல் வாட்சன் என்பவர் இந்த ஏரியின் வெப்ப அளவீடுகளிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். நீர் திரும்பும் நேரத்தில் மெல்லிய காற்று வீசினாலும், பாதி மூழ்கிய மரக்கட்டை அதை எதிர்த்தே போகும். மேலே தெரியும் பகுதி சிறிது. நீருக்குள் இருக்கும் பெரும்பகுதியை நீரோட்டம் இழுக்கிறது. குளிர்காலத்தில் அடுக்குகள் கலந்துவிடுவதால் இது அடங்கிவிடும்.

படகில்லா அலைக்குக் காரணம் கரை. கலிடோனியன் கால்வாய்க்குப் போகும் படகு கண்ணிலிருந்து மறைந்த பிறகும், அது கிளப்பிய அலைகள் செங்குத்தான கரைகளில் மோதித் திரும்புகின்றன. எதிரெதிரே வந்து கூடும் இடத்தில் வரிசையாகத் திமில்கள் எழும்.

ஏரிக்கரையிலுள்ள அர்கார்ட் கோட்டையில் நின்று பார்ப்பவர்கள் அப்போதைய காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏமாறுவார்கள். முந்தைய இரண்டு மூன்று நாளின் காற்றுத் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.