குகை மண்ணைச் சலிக்காமல் கொட்டிவிடாதீர்கள்

குகை அகழாய்வில் பெரிய எலும்பு ஒன்று தட்டுப்பட்டால் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கிறோம். அதே அடுக்கின் மண் கூடை கூடையாக வெளியே போவது கண்ணில் படுவதில்லை. எலி, சுண்டெலி போன்ற கொறிணிகளின் பற்கள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தண்ணீர்விட்டு அலச வேண்டும். பெரிய கண் போதும் என்று விட்டால் சிறிய பற்கள் நழுவிவிடும். அப்புறம் அங்கே சிறிய இனங்களே வாழவில்லை என்று தவறாக எழுதிவைப்போம்.

வெட்டுப்பல் மட்டும் கிடைத்தால் கொறிணி என்று சொல்லிவிடலாம். முன்பக்கம்தான் எனாமல், உளி போன்ற முனை. ஆனால் அதை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் கடினம். அதற்குக் கடைவாய்ப்பல் வேண்டும். எலி, சுண்டெலி வகைகளின் மேல் கடைவாய்ப்பற்களில் குமிழ்கள் மூன்று வரிசையாக நிற்கும்; ஹாம்ஸ்டர் என்னும் கொறிணிக்கு இரண்டு வரிசை. வோல் எனப்படும் குட்டைவால் கொறிணிக்குக் குமிழே கிடையாது. மெல்லும் பரப்பு முழுக்க முக்கோணங்கள். அதன் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஐரோப்பியக் குகைகளில் வோல் பல் காலத்தையும் சொல்லும். மிமோமிஸ் என்ற பழைய வோல் இனத்தின் பல்லுக்கு வேர் உண்டு. அதன் வழிவந்த ஆர்விகோலா பல்லுக்கு வேர் கிடையாது, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பெயினின் அட்டாபுவெர்காவில் உள்ள கிரான் டோலினா குகையில் 1994இல் மனிதப் புதைபடிவங்கள் கிடைத்தன. அதே அடுக்கில் மிமோமிஸ் சாவினி பற்களும் இருந்தன. அந்த அடுக்கு மிகப் பழையது என்பதற்கு இந்தச் சின்னப் பற்களும் ஒரு சான்று. அடுக்குகளின் படிவில் பதிந்திருந்த காந்தத் திசையை அளந்து பார்த்தபோதும் 7,80,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றே தெரிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். மிமோமிஸுக்கும் வேர் தாமதமாகத்தான் உருவாகும். இளம் விலங்கின் பல்லில் அடிப்பக்கம் திறந்தே இருக்கும், அப்படியே ஆர்விகோலா போலத் தெரியும். ஒற்றைப் பல்லைப் பார்த்து ஆர்விகோலா என்று சீட்டு எழுதினேன். அதே பையின் மிச்ச மண்ணை அலசியபோது வேர்விட்ட பற்கள் வரிசையாக வந்தன. சீட்டைக் கிழித்துவிட்டு அந்த முதல் பல்லை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். எனாமலில் இளம் மிமோமிஸில் வழக்கமாகக் காணும் மடிப்பு தெளிவாக இருந்தது. முதலில் நான் அதைத் தேடவே இல்லை.

ஆகவே ஒரு பல்லை வைத்து அடுக்குக்குக் காலம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பையிலும் அடுக்கு எண், ஆழம், தேதி எழுதுங்கள். அரிக்கப்பட்ட பல்லையும் ஒதுக்க வேண்டாம். ஆந்தை விழுங்கிக் கக்கிய பல்லின் எனாமலில் வயிற்று அமிலத்தின் தடம் இருக்கலாம். அந்த எலி குகைக்குள் எப்படி வந்தது என்று அதுதான் காட்டும்.