சர்வாதிகாரி: ஒரு பதவிப் பெயர் வசையான கதை

வங்காளத்தில் 'சர்வாதிகாரி' என்பது ஒரு குடும்பப் பெயர். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று கொண்டாடப்படும் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரிக்கு அது முன்னோர் வழியில் வந்த பெயர். அவர் குடும்பத்தில் யாரும் அதற்காகக் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. நம் பக்கமோ, அலுவலகத்தில் மேலாளரையோ வீட்டில் மாமனாரையோ அப்படிச் சொன்னால் சண்டைதான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. சர்வ + அதிகாரி, இரண்டும் வடசொல். 'அதிகாரி' தமிழுக்கு நெடுநாள் பழக்கம். சோழர் கல்வெட்டுகளில் உயர் அலுவலர்களின் பெயர்களோடு 'அதிகாரிகள்' என்று வரும். திருக்குறளின் 133 பகுதிகளுக்கும், தொல்காப்பியத்தின் மூன்று பெரும் பிரிவுகளுக்கும் பெயர் அதிகாரம்தான். ஒரு பொருளைப் பற்றிப் பேசும் எல்லை என்று அங்கே பொருள். எல்லை என்ற அந்த வாசனை முக்கியம். அதிகாரி என்றால் வகுத்துக் கொடுத்த எல்லைக்குள் பொறுப்பு உள்ளவர். அதன் முன்னால் 'சர்வ' போட்டால் எல்லாத் துறைக்கும் மேலே இருக்கும் அலுவலர். அவ்வளவுதான். கொடுமை, ரத்தம், துப்பாக்கி எதுவும் சொல்லுக்குள் இல்லை.

மைசூர் அரசில் இது உண்மையிலேயே பதவி. உடையார் அரசர், படைக்குத் தளவாய், நிர்வாகத்துக்கும் வரவு செலவுக்கும் சர்வாதிகாரி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தேவராஜையா தளவாயாகவும் அவர் தம்பி நஞ்சராஜையா சர்வாதிகாரியாகவும் இருந்தார்கள். அண்ணன் கையில் படை, தம்பி கையில் பணம், நடுவில் பேருக்கு ஓர் அரசர். அந்தப் படையில் வளர்ந்தவர்தான் ஹைதர் அலி. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பாளராக வந்து, அங்கிருந்தபடியே தனக்கென ஒரு படையைக் கட்டினார். 1761இல் மைசூரே அவர் கைக்குப் போனது. உடையாரை அவர் நீக்கவில்லை. அரண்மனையிலேயே வைத்திருந்து தசராவுக்கு மக்களுக்குக் காட்டினார். சர்வாதிகாரி என்ற பட்டமும் படையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சொல் அப்போதே பார்த்துவிட்டது.

இப்போது இலத்தீன் பக்கம். டிக்டேட்டர் என்ற சொல்லுக்கு வேர் 'சொல்லுதல்'. திரும்பத் திரும்பச் சொல்லுதல், சொல்லி எழுத வைத்தல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் டிக்டேஷன் போடுவாரே, அதே வேர். ரோமாபுரியில் இதுவும் ஒரு பதவி. நாட்டுக்குப் பெரிய ஆபத்து வந்தால் ஒருவரை நியமிப்பார்கள்; ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. அந்தப் பதவியின் பழைய பெயருக்குக் காலாட்படைத் தலைவர் என்றே பொருள் சொல்லலாம். அவருக்குக் கீழே குதிரைப்படைக்குத் தனித் தலைவர். டிக்டேட்டர் குதிரை ஏறவே தனி அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்ததுதான் வேடிக்கை. எல்லா அதிகாரமும் உண்டு, குதிரை மட்டும் கேட்டுத்தான்! சின்சினாட்டஸ் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர். கூப்பிட்டார்கள், வந்தார், போரை முடித்தார், 16ஆம் நாள் பதவியைத் துறந்துவிட்டு ஏருக்கே திரும்பினார் என்பது கதை. அப்புறம் சுல்லா என்ற தளபதி அந்த ஆறு மாதக் கெடுவைத் தூக்கி எறிந்தார். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் 'வாழ்நாள் டிக்டேட்டர்' ஆனார். அடுத்த மாதமே குத்திக் கொன்றார்கள். பதவியையும் ஒழித்துவிட்டார்கள். சொல் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் இந்த இரண்டு சொற்களும் ஜோடி சேர்ந்த இடம் இன்னும் விசித்திரம். 1930களின் சட்ட மறுப்பு இயக்கத்தில் காங்கிரஸ் குழுக்கள் தடை செய்யப்பட்டபோது, ஊருக்கு ஒருவரை டிக்டேட்டர் என்று நியமித்தார்கள். அவர் கைதானால் அடுத்தவர், அவரும் போனால் அதற்கடுத்தவர். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் இப்படித்தான். போராட்டத்தை நடத்துபவருக்குச் சர்வாதிகாரி என்று பெயர். சிறைக்குப் போகத் தயாராக இருப்பவருக்குக் கொடுத்த கௌரவம் அது. பிறகு ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் செய்தது உலகம் முழுக்கத் தெரிந்ததும் சொல்லின் முகம் மாறியது. மெல்ல மெல்ல அது வசையாகிவிட்டது.

இன்று நாம் இந்தச் சொல்லால் யாரைச் சொல்கிறோம் என்பதற்கு பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின் சரியான ஆள். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் ஊர்களில் பர்மா காலனிகளாகவும் சென்னையில் பர்மா பஜாராகவும் குடியேறியதற்கு அவருடைய ஆணைகள் முக்கியக் காரணம்.

இயற்பெயர் ஷு மௌங். மருத்துவராகும் ஆசையோடு ரங்கூன் பல்கலைக்கழகத்துக்குப் போய், உயிரியலில் தோற்று, படிப்பை விட்டார். தபால் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 1941இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சிக்குப் போன முப்பது பேரில் ஒருவர். அந்த முப்பது பேரும் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். இவர் எடுத்தது நே வின். 'நே' என்றால் சூரியன். 'வின்' என்றால் ஒளிர்வது. பர்மிய மொழியில் ஒலி ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறும். அதே இரண்டு அசைகளில் பின்னதைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் சூரியன் மறைவது, அதாவது அந்தி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

1949இல் படைத்தலைவர். 1958இல் பிரதமர் ஊ நுவே கேட்டுக்கொண்டதன் பேரில் இடைக்கால ஆட்சி. தேர்தல் நடத்தி 1960இல் திருப்பியும் கொடுத்தார். அதுவரை பார்த்தால் சின்சினாட்டஸ் கதைதான். 1962 மார்ச் 2ஆம் தேதி ஊ நுவைக் கைது செய்து நாட்டை எடுத்துக்கொண்டார். அந்த ஜூலையில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1963, 64இல் வங்கி, கடை, ஆலை என்று எல்லாம் அரசுடைமை. பர்மிய நாணயமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வட்டிக்கடையும் வயலும் வைத்திருந்த நகரத்தார்கள் முன்பே நிலத்தை இழந்திருந்தார்கள். இந்த முறை மளிகைக்கடைக்காரரும் கூலியாளும்.

தனிவாழ்க்கை தனி ரகம். நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்தார். தான் மட்டும் இங்கிலாந்து போய்ப் பந்தயம் பார்ப்பார். கோல்ஃப் பித்து. பல முறை மணந்தவர். கின் மே தான் என்ற மனைவி 1972இல் இறந்தபின், 1976இல் ஜூன் ரோஸ் பெல்லமியை மணந்தார். அந்தப் பெண் தாய் வழியில் பழைய பர்மிய அரச மரபு. சில மாதம்தான் தாங்கியது. 1970இல் ஒரே நாளில் நாட்டின் போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். வண்டிகள் பழையவை, பஸ்ஸின் கதவு இடப்பக்கம். அதனால் இறங்குகிறவர் நேராக நடுரோட்டில் கால் வைக்க வேண்டும். ஜோசியர் சொன்னதால் மாற்றினார் என்பது ஊர்ப் பேச்சு.

9 என்ற எண்ணின் மேல் அவருக்கிருந்த பிடிப்புக்கு ஜோசியரைத் தேடவே வேண்டாம், நோட்டே சாட்சி. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் செல்லாததாக்கினார்கள். மாற்றித் தரவும் இல்லை. புதிதாக வந்தவை 45, 90. இரண்டும் 9ஆல் வகுபடும். 90இல் இருப்பது சாயா சான் படம், 1930இல் ஆங்கிலேயருக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டியவர். மக்களின் சேமிப்பை அழித்துவிட்டு அச்சடித்த நோட்டில் ஒரு கலகக்காரரின் முகம். இரண்டு 90, மூன்று 45 சேர்த்தால் எத்தனை என்று காய்கறிக்கடையில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சொல்லுக்கு வருவோம். இத்தனைக்கும் நே வின் வகித்த பதவிகள் என்ன? 1962 முதல் புரட்சிக் கவுன்சில் தலைவர். 1974 முதல் குடியரசுத் தலைவர். 1981இல் அதையும் விட்டுவிட்டு வெறும் கட்சித் தலைவர். நாட்டின் ஒரே கட்சி, அதன் தலைவர், அவ்வளவே. அந்த ஏழு ஆண்டும் அரசுப் பதவி எதுவும் இல்லாமலேயே நாட்டை ஆட்டிவைத்தார். பதவியின் பெயராகப் பிறந்த சொல், பதவியே தேவைப்படாத ஆளுக்குப் பெயராகிவிட்டது. 1988 ஜூலையில் கட்சித் தலைமையையும் விட்டார். விடைபெறும் உரையிலேயே, ராணுவம் சுட்டால் குறி பார்த்துத்தான் சுடும், வானத்தை நோக்கிச் சுடாது என்று எச்சரித்தார். ஆகஸ்ட் 8இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சொன்னபடியே சுட்டார்கள்.

2002 மார்ச்சில், மருமகனும் பேரன்களும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதானபின், அவரே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். ரங்கூனின் இன்யா ஏரியில் ஒரு கரையில் அவர் வீடு. எதிர்க்கரையில் ஆங் சானின் மகள், எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூகி. மே மாதம் சூகி விடுதலையாகும் வரை இரண்டு வீடுகளுக்கும் காவல். அந்த டிசம்பரில் நே வின் இறந்தார். சில மணி நேரத்தில் எரித்துவிட்டார்கள். அரசு மரியாதை கிடையாது.

சரி, தமிழில் இவரை எப்படிச் சொல்வது? 'கொடுங்கோலன்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. கோல் என்பது செங்கோல், நேரானது. அது வளைந்தால் கொடுங்கோல். வளைவதற்கு முதலில் கோல் வேண்டும், அதாவது முறைப்படி வந்த அரசன் வேண்டும். கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை 'வேலொடு நின்றான்' ஒருவன் வழிப்பறிக்கு 'இடு' என்பதோடு ஒப்பிடுகிறார். நே வின் அந்த உவமையில் அரசன் பக்கம் இல்லை, வேல் பக்கம்.

'எதேச்சாதிகாரி' இன்னொன்று. யதா + இச்சை, இஷ்டப்படி. அது நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிறது. தேர்தலில் வென்ற ஒருவரும் எதேச்சாதிகாரமாக நடக்கலாம். 'ஜுண்டா' என்பது ஸ்பானிய மொழியில் வெறும் குழு, கூடி அமர்ந்தவர்கள். அந்த மொழிக்காரர்கள் 'ஹுன்தா' என்பார்கள். தனி ஆளுக்கு அது பொருந்தாது. அதற்குப் படைக்குழு போதும்.

என் தேர்வு 'வல்லாட்சியர்'. வல் + ஆட்சி. வலிமையால் ஆள்வது. எல்லா அதிகாரமும் என்ற அளவைச் சொல்லாமல், அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. ராணுவத்திலிருந்து வந்தவர் என்றால் 'படை வல்லாட்சியர்'. ஹைதருக்கும் பொருந்தும், நே வின்னுக்கும் பொருந்தும். ரோமாபுரியின் சின்சினாட்டஸுக்குப் பொருந்தாது. அவரைப் பழைய பொருளில் சர்வாதிகாரி என்றே விட்டுவிடலாம்.

ஒரே ஒரு சங்கடம். 'சர்வாதிகாரி' என்று எழுதினால் விகுதி பற்றி யோசிக்க வேண்டாம். இகரத்தில் முடிவதால் மரியாதையா இல்லையா என்பதை வினைமுற்று வரும்வரை தள்ளிப்போடலாம். வல்லாட்சியன், வல்லாட்சியர் என்றால் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். மேலே நே வின்னுக்கு முழுக்க 'ர்' போட்டே எழுதியிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.